ஸ்கேனர் வாங்கிக் கொடுத்தால் போதுமா? மட்டக்களப்புக் கராஜ்களும் அரச உதவியும்

மட்டக்களப்பில் ஓடும் ஒரு டொயோட்டா அக்வாவில், பெற்றோலோடு பெற்றரி மின்னையும் பயன்படுத்தும் ஹைபிரிட் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கினால், அதன் சொந்தக்காரர் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்குவதில்லை. காரைக் கெரியரில் ஏற்றி 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்புக்கு அனுப்புவதா, தெரிந்த கராஜ் ஒன்றில் விட்டுவிட்டுக் கடவுளை வேண்டிக்கொள்வதா என்பது அவருடைய கவலை. ஊரில் விட்டால், மெக்கானிக் கெட்டிக்காரராக இருந்தும் அந்தப் பழுதைச் சோதிக்கும் ஸ்கேனர் என்ற கருவி அவரிடம் இல்லாமல் இருக்கலாம். கருவி இருந்தும், அது காட்டுவதை விளங்கிக்கொள்ளும் பயிற்சி அவருக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம். இந்த இரண்டாவது குறைதான் பெரியது என்பதும், சிறிய கராஜ்களை நவீனப்படுத்தப் புறப்படும் அரச உதவி பெரும்பாலும் முதலாவது குறையோடு நின்றுவிடுகிறது என்பதும் நான் இங்கே சொல்ல வருவது.

நான் மெக்கானிக் அல்ல. மட்டக்களப்பு நகரத்திலும் அதற்குத் தெற்கே கல்லாறு வரையிலும் உள்ள சிறுதொழில்களுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பதும், வங்கிக் கடனுக்கும் அரச உதவிக்கும் விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பதும் என் தொழில். அரிசி ஆலை, பேக்கரி, தையல் நிலையம் என்று பலவகைக் கணக்குகள் என் மேசைக்கு வருகின்றன. ஆனால் ஒரு மனிதரின் திறமையும் அவருடைய வருமானமும் ஒன்றுக்கொன்று இவ்வளவு தூரம் விலகி நிற்பதைக் கராஜ்களில் கண்டதுபோல் வேறெங்கும் நான் கண்டதில்லை. கணக்கு என்று நான் சொல்வது பெரும்பாலும் ஒரு சீ.ஆர். கொப்பி. இடது பக்கத்தில் வாகன இலக்கம், நடுவில் 'பிரேக் சூ மாத்தினது', 'கிளட்ச் பிளேட்', 'ஒயில், பில்டர்' என்று செய்த வேலை, வலது பக்கத்தில் தொகை, அந்தத் தொகைக்குப் பக்கத்தில் பல வரிகளில் 'பாக்கி' என்ற சொல். ஒயில் விரல் பட்டுப் பட்டுத் தாள்களின் ஓரம் கண்ணாடிக் கடதாசி போல மறுபக்கத்து எழுத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். மாற்றிய பாகத்துக்கும் கழற்றிப் பூட்டிய கூலிக்கும் அந்தக் கொப்பியில் இடமுண்டு. பழுது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்த நேரத்துக்கு அதில் ஒரு வரிகூட இருப்பதில்லை. பழைய டட்சனுக்கும் மொறிஸ் மைனருக்கும் அது பெரிய இழப்பாக இருந்திருக்காது. இன்று ஒரு காரைத் திருத்துவதில் பாதிக்கு மேற்பட்ட வேலை அந்தத் தேடலிலேயே போகிறது. அதற்குப் பணம் கேட்கக் கராஜ்காரருக்கும் வாய் வருவதில்லை, கொடுக்க வாடிக்கையாளருக்கும் மனம் வருவதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் இருந்த வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாயைத் தொட்டபோது உதிரிப்பாகங்களின் விலையும் அதே வேகத்தில் ஏறியது. கராஜ்களில் வேலைக்குக் குறைவில்லை, ஆனால் வேலை தெரிந்த பையன்கள் குறைந்தார்கள். கத்தாருக்கும் டுபாய்க்கும் போனவர்களின் இடத்தில் பழக வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் வந்து நிற்கும் வாகனங்களோ, றீகண்டிஷனாக இறங்கிப் பத்தாண்டைக் கடந்த அக்வா, பிரியஸ், வெசல், வாகன் ஆர் போன்றவை. ஹைபிரிட் கார்கள் புதிதாக இருந்தபோது அவற்றைத் திருத்தும் தேவை எங்கள் ஊர்க் கராஜ்களுக்கு அதிகம் வரவில்லை. அவை கிழடாகும் பருவத்தில்தான் எங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆரையம்பதிப் பக்கத்தில் நான் கணக்குப் பார்க்கும் கராஜ் ஒன்று உண்டு. இரண்டு வாகனம் நிற்கக்கூடிய தகரக் கூரை, சீமெந்துத் தரையில் வெட்டிய ஒரு பிட், சுவரில் வரிசையாகக் கொழுவிய ஸ்பனர்கள். அதன் முதலாளி தன் தாய்மாமனிடம் தொழில் பழகியவர். ஒருநாள் நான் போயிருந்தபோது ஓர் அக்வாவின் பின் இருக்கையைக் கழற்றி வெளியில் வைத்திருந்தார். 'பெற்றரி முடிஞ்சுது, முழுசா மாத்த வேணும்' என்று வேறோர் இடத்தில் சொல்லப்பட்டு வந்த கார் அது. அக்வாவின் ஹைபிரிட் பெற்றரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. மொடியூல் எனப்படும் 20 சிறு பெற்றரிகள் தொடராக இணைக்கப்பட்டு 144 வோல்ட் தருகின்றன. காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றையே ஒரு சிறிய காற்றாடி உள்ளிழுத்து அவற்றைச் சூடேறாமல் பார்த்துக்கொள்கிறது. அந்தக் காற்று நுழையும் வாய் இருக்கையின் ஓரத்தில், கால் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அவர் காற்றாடியைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அதன் தகடுகளுக்கு இடையில் தலைமயிரும், இருக்கைத் துணியின் நூலும், எங்கள் கரையோரத்து மென்மணலும் ஈரத்தில் இறுகி ஒரு கம்பளித் துண்டாகப் படிந்திருந்தன. காற்று போகாத பெற்றரி சூடேறும், சூடேறிய பெற்றரி காலத்துக்கு முன்பே தளரும். ஒரு தூரிகையும் அரை மணித்தியாலமும் இருந்தால் தடுத்திருக்கக்கூடிய பழுது, இலட்சக்கணக்கான ரூபாய்ச் செலவாக மாறி வந்து நின்றது.

காற்றாடியைச் சுத்தம் செய்த பிறகு அவர் மொடியூல்களை ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்று மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தது. உடைத்து விற்கப்பட்ட வேறொரு காரின் பெற்றரியிலிருந்து எடுத்த மொடியூல் ஒன்றை அதன் இடத்தில் பூட்டினார். வேலை முடிந்ததும் அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "இப்ப ஓடும் அண்ணன். மறுகா இன்னொண்டு படுக்கும். எல்லாத்தையும் சுமை குடுத்து அளக்கிற மெசின் இருந்தா, எது நிக்கும் எது நிக்காது எண்டு இண்டைக்கே சொல்லிப்போடலாம்." அவர் சொன்னதில் ஒரு தொழில்நுட்ப உண்மை இருக்கிறது. சும்மா நிற்கும்போது வோல்ட்மீற்றரில் ஒரே அளவு காட்டும் இரு மொடியூல்கள், மின்னை இழுக்கும்போது ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. எவ்வளவு மின்னைத் தேக்கி வைக்க முடிகிறது என்பதை ஏற்றி இறக்கிப் பார்த்து, ஒத்த வலுவுள்ளவற்றைச் சேர்த்துப் பூட்டினால்தான் திருத்தம் நிலைக்கும். அந்தச் சோதனைக் கருவியைத் தனியாக வாங்கி வைக்குமளவுக்கு ஒரு சிறிய கராஜுக்கு ஹைபிரிட் வேலை வருவதில்லை. ஆனால் கல்லடியிலிருந்து கல்முனை வரையுள்ள கராஜ்கள் எல்லாவற்றுக்கும் வருவதைச் சேர்த்துப் பார்த்தால் அது சும்மா கிடக்காது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயர்மின்னழுத்தம் போகும் செம்மஞ்சள் நிற வயரைத் தொடக்கூடாது, வேலை தொடங்குமுன் பெற்றரியின் மின்னைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்பன எங்கள் மெக்கானிக்குகளுக்குத் தெரியும். கழற்றிய பிறகும் பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும் என்பது சிலருக்குத் தெரியும். ஏன் பொறுக்க வேண்டும் என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. பெற்றரி மின்னை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டருக்குள், மின்னைத் தேக்கி வைத்திருக்கும் கப்பாசிற்றர் தன் மின்னை இழக்க எடுக்கும் நேரம் அது. அக்வாவின் மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தம் 520 வோல்ட் வரை உயர்த்தப்படுகிறது. காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதி அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது எந்தத் தொழிலிலும் நடப்பதுதான். 1000 வோல்ட் தாங்கும் கையுறை ஒரு சோடியை நான் பார்த்த கராஜ்களில் கண்டதில்லை. கழுவும் வேலைக்கான இறப்பர்க் கையுறையே அந்த இடத்தை நிரப்புகிறது.

இனி ஸ்கேனருக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உதவித் திட்டத்தின் கீழ் எனக்குத் தெரிந்த கராஜ் ஒன்றுக்கு ஒரு நல்ல ஸ்கேனர் கிடைத்தது. கையளிப்பு வைபவம் நடந்தது, படம் எடுத்தார்கள், பதாகையின் மேல் மூலையில் திட்டத்தின் சின்னம் இருந்தது. முதல் ஆண்டு அந்தக் கருவி நன்றாக உழைத்தது. இரண்டாம் ஆண்டு அதன் மென்பொருளைப் புதுப்பிக்க டொலரில் சந்தா கட்ட வேண்டியிருந்தது. வெளிநாட்டுக்குப் பணம் செலுத்தும் கடனட்டை அந்த முதலாளியிடம் இல்லை. சந்தா இல்லாமல் கருவி பழைய வாகனங்களை வாசிக்கும், பின்னால் வந்தவற்றை அடையாளம் காணாது. திட்டத்தின் ஆவணங்களில் அந்தக் கராஜ் 'நவீனமயப்படுத்தப்பட்டது' என்று பதிவாகியிருக்கும். உண்மையில் அது ஒரே ஓர் ஆண்டுக்கு மட்டும் நவீனமாக இருந்தது.

சந்தா கட்டியிருந்தாலும் பாதி வழிதான் போயிருக்க முடியும். ஸ்கேனர் ஒரு குறியீட்டைக் காட்டும். பி0ஏ80 என்று வந்தால் 'ஹைபிரிட் பெற்றரியை மாற்றுக' என்று அதன் கீழ் எழுதியிருக்கும். அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறவர் பெற்றரியை மாற்றச் சொல்வார். நான் மேலே சொன்ன ஆரையம்பதிக்காரர் காற்றாடியைக் கழற்றிப் பார்த்தார். இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு எந்தக் கருவிப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை, ஆகவே எந்தத் திட்டத்திலும் அதற்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை.

உதவி செய்யும் நிறுவனங்கள் இல்லையென்று சொல்லிவிட முடியாது. பிரதேச செயலகத்திலேயே சிறுதொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். சிறுதொழில்களுக்குத் தொழில்நுட்ப உதவி செய்யும் விதாதா வள நிலையம் இருக்கிறது. கைத்தொழில் அபிவிருத்திச் சபை 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் இயங்குகின்றன. மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் தொழில்நுட்பக் கல்லூரிகள் உண்டு. கதவுகள் இத்தனை இருந்தும், காலை எட்டு மணிக்குக் கராஜைத் திறந்து இரவு எட்டு மணிக்குப் பூட்டும் ஒருவருக்கு எந்தக் கதவில் எதைக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. என் போன்றவர்களுக்கு அதனால் பிழைப்பு நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை. பாடசாலையை இடைநடுவில் விட்டுக் கராஜில் தொழில் பழகியவர், வகுப்பறையில் இருக்காமலே தன் அனுபவத்துக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம். செய்த வேலைகளுக்கான சான்றுகளைத் திரட்டிக் கோவையாக்கிக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் ஒருவர் வேலையைச் செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பார். ஏழு நிலைகளைக் கொண்ட அந்தக் கட்டமைப்பில் இரண்டு முதல் நான்கு வரையானவை கைவினைஞர் நிலைகள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். நைற்றா என்று எல்லாரும் அழைக்கும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை ஊடாக நான்காம் நிலைச் சான்றிதழ் பெற்ற பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலானோர் இப்போது வளைகுடாவில் இருக்கிறார்கள். சான்றிதழ் வெளிநாட்டில் சம்பளத்தைக் கூட்டுகிறது, ஊரில் ஒன்றையும் கூட்டுவதில்லை. பிறகு அவர்கள் போவதைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நான்காம் நிலைச் சான்றிதழ் உள்ள கராஜுக்குக் கடன் வட்டியில் சலுகை, அரச அலுவலக வாகனங்களைத் திருத்தும் விலைமனுப் பதிவில் முன்னுரிமை என்று ஏதாவது ஒன்று கிடைத்தால் அந்தச் சான்றிதழுக்கு ஊரிலும் மதிப்பு வரும். பிரதேச செயலகத்தின் டபுள் கெப்பைத் திருத்துவது ஒரு சிறிய கராஜுக்கு மாதக்கணக்கில் நிலையான வருமானம். அரசாங்கம் நன்கொடை எதுவும் கொடுக்காமல், தான் எப்படியும் செலவழிக்கப்போகிற பணத்தைக் கொண்டே அந்த உதவியைச் செய்துவிடலாம்.

ஆனால் இந்தச் சான்றிதழ் ஒருவர் ஏற்கனவே அறிந்ததற்குத்தான் முத்திரை குத்துகிறது. அறியாததைக் கற்கும் இடம் எங்கே? எங்கள் மெக்கானிக்குகள் தொலைபேசியில் கற்கிறார்கள். தமிழ்நாட்டுக் காணொளிகள் விளக்கமாகவும் பொறுமையாகவும் இருக்கின்றன, ஆல்ட்டோ வேலைக்கு அவை போதும். அக்வா இந்தியாவில் விற்கப்படாத கார் என்பதால் அதைப் பற்றி அங்கே தேடிப் பயனில்லை. ஹைபிரிட் பற்றி இலங்கையில் வரும் காணொளிகள் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கின்றன. சிங்களம் புரிந்தவர் முன்னேறுகிறார், புரியாதவர் படத்தைப் பார்த்து ஊகிக்கிறார், 520 வோல்ட் விடயத்தில் ஊகம் ஆபத்தானது. தமிழில், மாலை ஆறு மணிக்குப் பிறகு, கராஜை மூடாமல் வந்து கற்கக்கூடிய வகுப்புத்தான் தேவை. பகல் நேர முழுநாள் வகுப்புக்கு இரண்டு வாரம் வரச் சொன்னால், வருகிறவர் கராஜில் வேலையில்லாதவராகத்தான் இருப்பார். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் வெள்ளி, மட்டக்களப்பு நகரத்தில் ஞாயிறு என்று விடுமுறை வேறுபடுவதைக்கூடக் கணக்கில் எடுத்து அட்டவணை போட வேண்டும்.

கடனைப் பற்றிப் பேசாமல் இந்த விடயம் முடியாது. என் வேலையில் பாதி அதுதான். கராஜ்காரர் வாகனத்தைத் தூக்கும் ஹொய்ஸ்ட் வாங்கக் கடன் கேட்டால் வங்கி காணி உறுதியைக் கேட்கிறது. கராஜ் நிற்கும் நிலம் பெரும்பாலும் வாடகை நிலம். வீட்டைக் காட்டலாம் என்றால், எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பரம்பரையாக இருந்துவரும் வழக்கம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் திருமணமான ஆண் மனைவியின் வீட்டில் குடியிருக்கிறார். உறுதி மனைவியின் பெயரில் இருக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போனால் அது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியாக இருக்கும், வங்கி அதையும் எளிதில் ஏற்பதில்லை. ஆகவே இருபது ஆண்டு தொழில் செய்த ஒருவர், தன் பெயரில் ஈடு வைக்க ஒரு சாண் நிலமில்லாதவராக வங்கி முகாமையாளர் முன் உட்கார்ந்திருக்கிறார். மனைவியின் சீதன வீட்டை ஈடு வைத்துக் கருவி வாங்கும்படி எந்தக் குடும்பத்துக்கும் நான் ஆலோசனை சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. அந்த வீடு ஒரு பெண்ணுக்கு இருக்கும் ஒரே பிடிமானம். அதைத் தொழிலின் நட்டத்துக்குள் இழுப்பதை நவீனமயம் என்று என்னால் சொல்ல முடியாது.

வேறு வழி சட்டத்திலேயே இருக்கிறது. அசையும் சொத்தை ஈடாகப் பதிவுசெய்ய இடமளிக்கும் 49ஆம் இலக்கச் சட்டம் 2009இலேயே நிறைவேறியது. ஓட்டோ ஒன்றை அந்த ஓட்டோவையே பிணையாக வைத்து லீசிங்கில் எடுக்க முடிகிற நாட்டில், ஹொய்ஸ்டையும் வீல் அலைன்மென்ற் கருவியையும் அதே முறையில் எடுக்க முடியாமல் இருப்பதற்குக் காரணம், அவற்றைத் திரும்ப விற்க வங்கிக்கு வழி தெரியாததுதான். அந்த அபாயத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்பதற்கென்றே, ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் அண்மையில் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. அதன் பயன் கராஜ் அளவிலான தொழில்களுக்கு இறங்கி வருமானால், காணி உறுதி பற்றிய பேச்சே தேவைப்படாது.

தவணையும் ஊரோடு ஒத்துப்போக வேண்டும். சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் திருத்தும் பட்டறைகளின் கொப்பிகளில் 'வெள்ளாமை வெட்டினாப் பிறகு' என்று எழுதிய பாக்கிகளே அதிகம். பெரும்போக நெல் வெட்டும் பெப்ரவரி, மார்ச்சிலும் சிறுபோகம் வெட்டும் ஓகஸ்ட், செப்டம்பரிலும் பணம் வரும்; நடுவில் வருவது குறைவு. வங்கியின் தவணையோ மாதம் தவறாமல் ஒரே தொகையாக வருகிறது. மாரி மழையில் வயல் அழிந்தால் விவசாயியின் கடனுக்காவது சலுகை பற்றிப் பேச்சு எழும். அந்த விவசாயியின் உழவு இயந்திரத்தைக் கடனுக்குத் திருத்திக் கொடுத்தவரை யாரும் நினைப்பதில்லை.

தனித்தனியாக ஸ்கேனர் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு பொதுச் சேவை நிலையம் வேண்டும் என்று நான் பல விண்ணப்பங்களின் இணைப்பாக எழுதி அனுப்பியிருக்கிறேன். புதிய வாகனங்களுக்கான மென்பொருள் சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்ட ஸ்கேனர்கள், ஹைபிரிட் மொடியூல்களை ஏற்றி இறக்கிச் சோதிக்கும் கருவி, குளிரூட்டி வாயுவை வெளியில் விடாமல் உறிஞ்சி எடுக்கும் இயந்திரம், புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் அளந்து பார்க்கும் கருவி, மோதிய காரின் சட்டகத்தை நிமிர்த்தும் மேடை, வாடகைக்கு எடுக்கக்கூடிய உயர்மின்னழுத்தக் கையுறைகள் ஆகியவையும், இவற்றையெல்லாம் கற்பிக்கத் தெரிந்த முழுநேர ஆசிரியர் ஒருவரும் அங்கே இருக்க வேண்டும். மணித்தியாலக் கட்டணம் வாங்க வேண்டும். இலவசமாகக் கொடுத்தால் இரண்டே ஆண்டில் கட்டடம் பூட்டிக் கிடக்கும், அப்படிப் பூட்டிக் கிடப்பவை இந்த மாவட்டத்தில் போதுமான அளவு உள்ளன. கட்டணம் இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. 'சோதனைக் கட்டணம்' என்று ஒரு சீட்டு வாடிக்கையாளர் கையில் போகும்போது, பழுதைக் கண்டுபிடிப்பதற்கும் விலை உண்டு என்பது அவருக்குப் பழகிவிடும்.

இது புதிய எண்ணமும் அல்ல. கானாவின் குமாசி நகரில் சுவாமே மகசின் என்ற மிகப் பெரிய கராஜ் பகுதி இருக்கிறது. அந்நகரப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப ஆலோசனை மையம் 1980இல் தன் பயிற்சிப் பட்டறை ஒன்றை வளாகத்துக்குள் வைக்காமல், கராஜ்களின் நடுவிலேயே கொண்டுபோய் வைத்தது. கடைசல், வார்ப்பு வேலைகளை மெக்கானிக்குகள் நடந்து வந்து கற்றார்கள். எங்கள் தொழில்நுட்பக் கல்லூரிகளின் பட்டறைகள் மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படுகின்றன. முதல் வேலையாக அவற்றை இரவு ஒன்பது வரை திறந்து வைக்கலாம்.

இந்தக் கார்களை உருவாக்கிய ஜப்பானில் 1951ஆம் ஆண்டின் வாகனச் சட்டப்படி, எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் போன்றவற்றைக் கழற்றித் திருத்தும் கராஜ் சான்று பெற்றிருக்க வேண்டும். அவற்றுள் கூடுதல் வசதியுள்ளவை வாகனப் பரிசோதனையையும் தாங்களே செய்ய அங்கீகாரம் பெறுகின்றன. 2020 ஏப்ரலில் இருந்து தானியங்கிப் பிரேக்கின் கமெராவையும் ராடாரையும் சரிசெய்யும் வேலையும் அந்தச் சான்றின் வரம்புக்குள் வந்தது. எங்களிடமோ உள்ளூராட்சி மன்றத்தின் வியாபார அனுமதியும், வர்ணம் தெளித்தல் போன்ற வேலைகளுக்கான சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் இடத்தைப் பற்றிக் கேட்கின்றன. அங்கே வேலை செய்பவருக்குத் தொழில் தெரியுமா என்று கேட்பதில்லை. படிமுறையான சான்று நல்லதுதான். ஆனால் கற்கும் இடத்தைத் திறக்குமுன் சட்டத்தைக் கொண்டுவந்தால், எங்கள் பக்கத்தில் பாதிக் கராஜ்கள் ஒரே இரவில் சட்டவிரோதமாகிவிடும். கழிவு ஒயில் விடயத்தில் நடப்பதும் இதுதான்: வாவிக்குள் விடக்கூடாது என்ற விதி சரியானது, ஆனால் மாதம் ஒருமுறை வந்து அதை எடுத்துச் செல்ல ஒரு வண்டி இல்லாத ஊரில் அது வேலிக்கட்டைக்குப் பூசப்படுகிறது, மிச்சம் மழையோடு போகிறது.

அரசுக்குச் செலவே இல்லாத ஓர் உதவியும் இருக்கிறது. இப்போது முகவர்கள் ஊடாகப் புதிய மின்சாரக் கார்கள் நாட்டுக்குள் இறங்குகின்றன. திருத்தும் கையேடும் வயரிங் வரைபடமும் மென்பொருள் அனுமதியும் முகவரின் சேர்விஸ் நிலையத்தோடு நின்றுவிட்டால், மட்டக்களப்பில் அந்தக் காரை வாங்குகிறவர் ஒவ்வொரு பழுதுக்கும் அந்த நிலையத்தையே தேடிப் போக வேண்டும். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலம் 2012இல் சட்டம் மூலமும், தென்னாபிரிக்கா 2021 யூலையில் போட்டி ஆணைக்குழுவின் வழிகாட்டல் மூலமும் இந்தத் தகவல்களைத் தனியார் கராஜ்களுக்குத் திறக்க வழிசெய்தன. இறக்குமதிக்கான நிபந்தனையாக இதை எழுத எங்கள் அரசுக்கு ஒரு வர்த்தமானிப் பக்கம் போதும். இன்று எழுதினால் அது பயன்படும். பத்தாண்டு கழித்து அந்தக் கார்கள் கிழடாகி எங்கள் கராஜ்களுக்கு வந்த பிறகு எழுதுவதால் பெரிய நன்மை இருக்காது.

பொது நிலையத்தை எங்கே வைப்பது என்பதில் கராஜ்காரர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. கல்முனை என்றால் அம்பாறை மாவட்டத்துக்காரருக்கு வசதி, ஆனால் மட்டக்களப்பு மாவட்டச் செயலகமான கச்சேரியின் நிதி அங்கே போகாது. களுவாஞ்சிகுடி இருபக்கத்துக்கும் நடுவாக இருந்தாலும் கல்குடாவிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் வருகிறவர்களுக்குத் தூரம். இரண்டு மாவட்டத்தையும் இணைத்து முடிவெடுக்கக்கூடிய மாகாண சபையின் பதவிக்காலம் 2017இலேயே முடிந்துவிட்டது. இப்போதைக்குக் களுவாஞ்சிகுடி என்று ஒரு பகுதியினர் இணங்கியிருக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரத்துக்கு முதலிடம் என்பதிலும் வெள்ளி, ஞாயிறு இரு நாளும் நிலையம் திறந்திருக்க வேண்டும் என்பதிலும் சண்டையில்லை. சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் பேச்சு முடியவில்லை. சம்பளத்துக்கு ஒருவரை வைத்து அவரிடமே கொடுக்கலாம் என்பது என் கட்சி. அந்தச் சம்பளத்தைக் கட்டணத்திலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கணக்குப் பார்த்துத் தரும்படி வேலையை என் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள்.